பதினாறு மணி நேரமும் பதினேழு கொண்டை ஊசியும்

டொராண்டோவுக்கும் மதுரைக்கும் நடுவே பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் பதினாறு மணி நேரம். இதை எனக்குச் சொன்னது கைப்பேசி. இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினேன். உலகப் படத்தில் வளைவாக ஒரு கோடு இழுத்து, அடியில் நேரத்தையும் எழுதிக் காட்டியது. அதை அப்படியே மச்சானிடம் சொன்னேன். மச்சான் அக்காவிடம் சொன்னார். அக்கா அந்தப் பதினாறை நம்பித் தன் மகளுக்குக் காதுகுத்து நாள் குறித்துவிட்டாள்.

அப்படி ஒரு விமானமே கிடையாது என்பது டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. டொராண்டோவில் ஏறிய ஒருவர் எங்கேயும் இறங்காமல், எதற்காகவும் காத்திருக்காமல் நேரே மதுரையில் வந்து குதித்தால் ஆகிற நேரம் அது. நிஜத்தில் வளைகுடாவில் இறங்கி, காத்துக்கிடந்து, வேறு விமானம் ஏறி, கொச்சியில் இறங்கி, அதன் பிறகு ஒரு மலையையும் ஏறி இறங்கவேண்டும்.

போடிக்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாது என்று தோன்றும். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் போடிமெட்டு மலை தெரியும். கையை நீட்டினால் எட்டும்போல இருக்கும். ஜீப்பில் ஏறினால் ஒரு மணி நேரம். அதனாலேயே எங்கள் ஆட்கள் கிலோமீட்டர் பேசுவதில்லை, மணி நேரம்தான் பேசுவார்கள். மலைக்காரர்கள் மணி நேரத்தைச் சொன்னால் அதில் வளைவு, ஏற்றம், மழை, டீக்கடை எல்லாம் சேர்ந்திருக்கும். கைப்பேசி சொன்ன பதினாறிலும் எல்லாம் சேர்ந்திருக்கும் என்று நானும் நினைத்தேன், அக்காவும் நினைத்தாள்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரவேண்டும். மொட்டை எடுத்த தலையில் சந்தனம் பூசி, மாமன் கொண்டுவந்த துணியை உடுத்தி, மாமன் மடியில் வைத்து, மாமன் வாங்கிய தோட்டைத்தான் ஆசாரி காதில் போடுவார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஜெயந்தி அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருவன்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த மகனுக்குக் காது குத்தினார்கள். என் வேலை அனுமதித் தாள்கள் புதுப்பிப்பதற்குப் போயிருந்த சமயம். நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று பயந்து நான் போகவில்லை. பெரியப்பா மகன் குமரேசன் என் இடத்தில் உட்கார்ந்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அக்கா கூடத்துச் சுவரில் மாட்டினாள். அன்றிலிருந்து அவள் என்னோடு நேராகப் பேசுவதில்லை. நான் வீடியோவில் கூப்பிட்டால் அந்தப் படத்துக்கு நேர் கீழே வந்து உட்காருவாள். சொல்லவேண்டியதை மச்சானைப் பார்த்துச் சொல்லுவாள்.

பதினாறு மணி நேரம் தப்பு என்று நான் ஒப்புக்கொண்ட அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

“அவன்ட்ட கேளுங்க. பதினாறு மணி நேரம்னு யாரு சொன்னது?”

மச்சான் அதை எனக்குத் திருப்பிச் சொன்னார், எனக்குக் காது கேட்காத மாதிரி. போன்தான் சொன்னது என்றேன்.

“அப்ப, போன் சொன்ன ஃப்ளைட்டுலயே ஏறி வரச் சொல்லுங்க.”

பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஆவணி ஞாயிறு, காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும். எனக்கு வெள்ளிக்கிழமை மாலைவரை வேலை. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம்கூட விடுப்புக் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். எதுவும் எங்கேயும் தாமதமாகாமல் இருந்தால், பதினோரு மணிக்குக் கோயிலில் இருக்கலாம். ஒரு மணி நேரம் கையிருப்பு. கிளம்புவது என்று முடிவெடுத்தேன். மூன்று வயது மதி என்னை நேரில் பார்த்ததே இல்லை. நான் இங்கே வந்த பிறகு பிறந்தவள். இவளும் குமரேசன் மடியில் உட்கார்ந்தால் சுவரில் இன்னொரு படம் ஏறும். அதற்குக் கீழே அக்கா உட்காருவாளோ என்னவோ, என் அழைப்பை எடுக்கவே மாட்டாள்.

வெள்ளி

என் தொழில் மின்தூக்கி பழுது பார்ப்பது. வெள்ளி மதியம் மூன்று மணிக்கு, பழைய அடுக்ககம் ஒன்றில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு பெண்மணி நாயோடு மாட்டிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளேயிருந்து கேட்டார். பத்து நிமிஷம் என்றேன். நாற்பது நிமிஷம் ஆனது. வெளியே வந்தவர் என்னைத் திட்டவில்லை. நீங்கள் பத்து என்று சொன்னதால்தான் நாற்பது நிமிஷம் நிற்க முடிந்தது என்றார். நாய்தான் என்னைப் பார்த்துக் குரைத்தது.

கையில் கிரீஸோடு விமான நிலையம் போனேன். பெட்டியில் ஈழத் தமிழர் கடையில் வாங்கிய பட்டுப் பாவாடை, எனக்குப் பட்டு வேட்டி, மச்சான் கேட்ட டார்ச் லைட்டு, தெருவுக்கே கொடுக்கிற அளவுக்கு மிட்டாய். தோடு மட்டும் சின்ன டப்பாவில் சட்டைப் பையில். பையில் பித்தான் இல்லை என்பதால் ஊக்கு குத்தியிருந்தேன். சோதனையில் அந்த ஊக்கைக் கழற்றச் சொல்லி, அது ஆயுதமா இல்லையா என்று இரண்டு பேர் ஆலோசித்தார்கள். கடைசியில் ஊக்கை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். கையிருப்பு தரையிலேயே தீர்ந்தது என்று நினைத்தேன்.

பக்கத்து இருக்கையில் மொம்பாசாவுக்குப் போகிற ஒரு பெரியவர். தம்பி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகிறாராம். எங்கே போகிறாய், எத்தனை மணி நேரம் என்று விசாரித்தார். நான் பதினாறு மணி நேரக் கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தங்கள் ஊரில் வழி கேட்டால் எல்லாரும் பக்கத்தில்தான் என்று சொல்வார்கள், சின்ன வயதில் அந்தப் பக்கத்துக்கு ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறேன் என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன். போடி ஜீப்புக்காரர் எங்கே இருந்தாலும், எப்போது கேட்டாலும், “இந்தா, முந்தல்ல வர்றேன்” என்றுதான் சொல்வார். முந்தல் என்பது மலை அடிவாரத்து ஊர். மேலேயிருந்து வருகிறவரும் அதைத்தான் சொல்வார், வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருப்பவரும் அதைத்தான் சொல்வார். பெரியவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. தூங்கும்வரை முந்தல், முந்தல் என்று சொல்லிப் பார்த்தார்.

சனி

சனிக்கிழமையை நான் பார்க்கவே இல்லை. ஜன்னல்களை மூடி விளக்கை அணைத்து, யாருடைய ஊர் நேரத்துக்கும் ஒத்துவராத ஒரு வேளையில் காலை உணவு கொடுத்தார்கள். உப்புமா என்று சொல்லித் தந்ததைப் பெரியவர் ரசித்துச் சாப்பிட்டார். நான் தொட்டுப் பார்த்துவிட்டுப் பன்னைத் தின்றேன். முன் இருக்கைத் திரையில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. இலக்குக்கு எத்தனை மணி நேரம் என்று அதிலும் எழுதிக் காட்டினார்கள். நான் நம்பவில்லை.

வளைகுடா விமான நிலையத்தில் பெரியவர் என் கையைக் குலுக்கி, முந்தலில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு மணி நேரத் தாமதம் காத்திருப்பில் கழிந்துபோனது, எனக்கு அடுத்த விமானம் ஏற இன்னும் நேரம் இருந்தது. காப்பிக் கடை ஒன்றில் சுண்டைக்காய் அளவுக் கிண்ணத்தில் மஞ்சளாக ஒன்றைக் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏலக்காய். கடையில் நின்ற நேபாளப் பையனிடம் காயைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். டப்பாவைத் திறந்து காட்டினான். திரட்சியாக, நல்ல பச்சையாக இருந்தது. ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்தேன். எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் மலைக் காய்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். போடி ஏலக்காய் ஏல மையத்தில் காயைக் கையில் அள்ளிப் பார்க்கிற வியாபாரிகள் இருந்திருந்தால் என் தீர்ப்பைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது வேண்டியிருந்தது. அந்தக் காய் வந்த வழியில்தான் நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு

கொச்சியில் இறங்கியபோது மணி ஐந்து, நல்ல மழை. பெட்டிக்காக வளையத்தின் முன்னால் நின்றேன். எல்லார் பெட்டியும் வந்தது. யாரோ ஒருவருடைய கட்டுப் போட்ட மெத்தைகூட வந்தது. என் பெட்டி வரவில்லை. புகார் கொடுக்கும் இடத்தில் நாற்பது பேர் வரிசை. அதில் நின்றால் ஒரு மணி நேரம். பாவாடை வேண்டுமா, மடி வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், தோடு இருந்தது. வெளியே நடந்துவிட்டேன்.

வாடகைக் கார் ஓட்டி வந்தவர் பெயர் பிஜு. தமிழை மலையாளம்போலப் பேசுவார். நான் மலையாளத்தைத் தமிழ்போலப் பேசுவேன். ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டுக்குள் போடி தாண்டிப் போகவேண்டும், எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் மழையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மூணாறு பக்கம் போனால் சுற்றுலாக் கூட்டத்தில் மாட்டுவோம், ராஜாக்காடு வழி போனால் போடிமெட்டுக்கு நாலு மணி நேரம், டீ குடிக்க நிறுத்தினால் நாலேகால் என்றார். இரண்டு நாளில் எனக்கு எல்லாம் சேர்த்து மணி நேரம் சொன்ன முதல் மனிதர் அவர்தான். டீ குடிக்கலாம் என்றேன்.

அடிமாலியில் பழம்பொரியும் டீயும். அங்கிருந்து மச்சானுக்குப் போன் செய்தேன். கோயிலில் சமையல் ஆரம்பித்துவிட்டதாம். எங்கள் குலதெய்வம் ராசிங்காபுரம் தாண்டி, பொட்டிபுரம் போகிற பக்கம் மலையடியில் இருக்கிறது. பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

“எங்க வந்துருக்கானாம்?”

அடிமாலி என்று மச்சான் சொன்னார். அவள் சோறு வடித்தாயிற்றா என்று சமையல்காரரிடம் கேட்கப் போய்விட்டாள். நல்லதோ கெட்டதோ ஒன்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

பூப்பாறைக்கு வந்தபோது ஒன்பதேகால். பாவாடை இல்லாமல் எப்படிப் போவது என்று அதுவரை மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு துணிக்கடை பாதி திறந்திருந்தது. கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். பெண்பிள்ளைத் துணியில் பள்ளிச் சீருடைகளும், ஆறு வயசுப் பிள்ளைக்கான பச்சைப் பாவாடை சட்டை ஒன்றும் இருந்தன. எங்கள் மதிக்கு வயசு மூன்று. பாவாடையை எடுத்துக்கொண்டேன். வளரட்டும்.

போடிமெட்டில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி இறங்கினோம். மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கீழே வெயிலில் போடி தெரிந்தது. வீட்டுக் கூரைகள்கூடத் தெரிந்தன. மணி ஒன்பதே முக்கால். ஒரு மணி நேரத்தில் போடி, அரை மணி நேரத்தில் கோயில். முதல் தடவையாக இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் வண்டி நின்றது.

கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றி வந்த லாரி கொண்டை ஊசி வளைவில் பின்னுக்கு உருண்டு குறுக்காக நின்றுவிட்டது. ஒரு சக்கரம் ஓடையில். முட்டைக்கோசு சாலையெல்லாம் உருண்டு கிடந்தது. மேலே நாலைந்து வண்டிகள், கீழே கண்ணுக்கெட்டியவரை வண்டிகள். கிரேன் எங்கே என்று கேட்டேன். பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிதானமாகச் சொன்னார்.

“இந்தா, முந்தல்ல வந்துருச்சாம்.”

எனக்குப் புரிந்துவிட்டது. கிரேன் போடியைவிட்டே கிளம்பவில்லை.

பிஜு வண்டியை அணைத்துவிட்டு, நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். கீழே எட்டிப் பார்த்தேன். பதினேழோ பதினெட்டோ வளைவுகள். ஆளுக்கொரு எண் சொல்வார்கள். சாலை ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்து மடிந்து இறங்கியது. சாலையில் நடந்தால் மதியம் இரண்டாகிவிடும். அப்போதுதான் எஸ்டேட்டுப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் தலையில் காலிக் கோணிப்பையை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் முத்துப்பேச்சி, ஐம்பது வயதிருக்கும். கூட வந்தவள் அவருடைய மருமகள். ஏலத் தோட்டத்தில் தங்கி வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் வாரச் சாமான் வாங்கப் போடிக்குப் போகிறார்கள். பஸ்சு வராது என்று தெரிந்ததும் அவர்கள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சாலையோரத் தடுப்பைத் தாண்டிப் புதருக்குள் இறங்கினார்கள். அங்கே ஒற்றையடிப் பாதை இருந்தது.

எனக்கு இருந்த அவசரத்தைப் பின்னாலிருந்தே கத்திச் சொன்னேன். முத்துப்பேச்சி நின்று என் காலைப் பார்த்தார்.

“தாய்மாமனா? அப்ப வா அப்பு. குறுக்க எறங்குனா ஒண்ணேகால் மணி நேரம். சோலி நமக்கும் கெடக்கு, வெரசா வரணும்.”

பிஜுவுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தேன். பாவாடைப் பொட்டலத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன்.

அந்தப் பாதையைப் பாதை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வேரைப் பிடித்து இறங்கி, பாறையில் உட்கார்ந்து வழுக்கி, திடீரென்று தார்ச் சாலையில் குதிக்கவேண்டும். சாலையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் மறுபடி புதர். ஒவ்வொரு முறை சாலையைக் கடக்கும்போதும் முத்துப்பேச்சி மிச்ச வளைவைச் சொல்லிக்கொண்டே போனார். பதிமூணு, பன்னெண்டு என்று. நின்றுபோன வண்டிகளில் இருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கைப்பேசி உலகப் படத்தில் இழுத்த கோடு எனக்கு நினைவு வந்தது. பதிமூவாயிரம் கிலோமீட்டரில் நான் நேர்க்கோட்டில் வந்தது இந்த ஓர் இடத்தில்தான்.

ஆறாவது வளைவுக்கு மேலே சறுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. எழுந்து சட்டைப் பையைத் தொட்டால் டப்பா இல்லை. விமான நிலையத்தில் ஊக்கைப் பிடுங்கிக்கொண்டவர்களை வாய்விட்டுத் திட்டினேன். சருகுக்குள் கையை விட்டுத் துழாவினேன். முத்துப்பேச்சி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் விழுந்த இடத்தில் அவரே உட்கார்ந்து, நான் சறுக்கிய தடத்தைக் கண்ணால் அளந்தார். ஏலக்காய் பறிக்கிற கை அது. செடியின் தூரில், சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே கிடக்கிற காயைக் கண்டுபிடித்தே பழகியது. இரண்டு நிமிஷத்தில் டப்பாவை எடுத்துவிட்டார். முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுக்காமல் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

“கீழ போயித் தாரேன். நீ கையக் காலப் பாத்து எறங்கு.”

முந்தலுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று ஐந்து. டப்பாவை வாங்கிக்கொண்டு, கோயிலுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று முத்துப்பேச்சியைக் கூப்பிட்டேன். சாமான் வாங்கி இருட்டுமுன் மேலே ஏறவேண்டும் என்றார். மருமகள்தான், பாப்பா பேரு என்ன என்று கேட்டாள். மதி என்றேன். இருவரும் அந்தப் பேரை ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

லாரியிடம் நின்றபோதே போனில் முந்தலுக்கு வரச் சொல்லியிருந்தேன், மச்சானின் ஜீப்பைக் காணவில்லை. போன் செய்தேன்.

“வந்துட்டேன் மாப்ளே. இந்தா, முந்தல்லதான் நிக்கிறேன்.”

“நானும் முந்தல்லதான் மச்சான் நிக்கிறேன்.”

அந்தப் பக்கம் ஜீப்பைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டியவர், ஊரில் யாரும் அவரை இப்படி முந்தலில் நின்றே பிடித்ததில்லை. நான் போடியை நோக்கி ஓட ஆரம்பித்தேன். அவர் பதினொன்று இருபத்தைந்துக்கு எதிரே வந்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திருப்பினார். ராசிங்காபுரத்தில் ஒரு மாட்டுக்காகக்கூட அவர் நிறுத்தவில்லை, மாடுதான் நின்றது.

கோயில் வாசலில் என் முகம் போட்டுப் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய முகம். அதற்கு அடியில் வந்து இறங்கிய சேறும் ரத்தமுமான ஆளைச் சிலர் அடையாளம் கண்டார்கள். மணி பதினொன்று ஐம்பது.

புளியமரத்தடியில் பாய் விரித்திருந்தது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பூசாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமரேசன் பட்டு வேட்டியில் ஓரமாக நின்றான். அக்கா மொட்டைத் தலையும் சந்தனமுமாக மதியை இடுப்பில் வைத்து, பாயை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பதினோரு மணியிலிருந்தே எல்லாரும் குமரேசனை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பிள்ளையை இறக்கவே இல்லையாம். பன்னிரண்டு அடிக்கட்டும் என்று மட்டும் சொன்னாளாம். இதைப் பிறகு குமரேசன்தான் எனக்குச் சொன்னான். நான் ஓடி வந்தபோது அவன் தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து என் தோளில் போட்டு, உட்காருடா என்று முதுகில் தட்டினான்.

உட்கார்ந்தேன். பச்சைப் பாவாடையை யாரோ வாங்கி மதிக்குக் கட்டினார்கள், அக்குள்வரை வந்தது. கையை நீட்டி வா என்றேன். மதி என்னைப் பார்த்தாள். தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

மாமாடா, மாமா மடியில் உட்காரு என்று நாலா பக்கமும் சொன்னார்கள்.

“இது மாமா இல்ல,” என்றாள் மதி. “மாமா போன்ல இருக்கு.”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் அவளோடு பேசுகிறேன், அவள் சோறு தின்பதைப் பார்க்கிறேன், அவளுக்குப் பாட்டுப் பாடுகிறேன். ஆனால் அவள் அறிந்த மாமன் கண்ணாடிக்குள் உள்ளங்கை அளவில் இருப்பவன். இவ்வளவு பெரிய, வியர்வை நாறும் ஆள் அவளுக்கு யாரோ. பூசாரி ஏழு நிமிஷம்தான் இருக்கிறது என்றார். தூக்கி உட்கார வையுங்கள் என்றது ஒரு குரல். அக்கா தூக்கவில்லை, என்னையே பார்த்தாள்.

நான் மச்சானின் போனை வாங்கினேன். அக்காவின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். எனக்கும் அவளுக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டொராண்டோவிலிருந்து கூப்பிட்டால் இதைவிடச் சீக்கிரம் எடுக்கும். ஒருவழியாக அக்காவின் கையிலிருந்த போன் ஒலித்தது. அவள் அதை மதியிடம் நீட்டினாள்.

“மாமா!” மதியின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் மூக்கைச் சொறிந்தேன். போனில் இருந்தவனும் சொறிந்தான். மதி போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். நான் தினமும் செய்கிற மாதிரி கன்னத்தை உப்பிக் காட்டினேன். அவள் தாயின் இடுப்பிலிருந்து தானே வழுக்கி இறங்கினாள். பாவாடை தடுக்கத் தடுக்க வந்து, போன் கண்ணாடியில் ஒரு விரலை வைத்தாள். அதே விரலை என் கன்னத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“மாமா சூடா இருக்கு,” என்று தாயைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு மடியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் இத்தனை கனம் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஆசாரி வலது காதைக் குத்தினார். அவள் என் கையைக் கடித்தாள். இடது காதைக் குத்தினார். இன்னும் அழுத்திக் கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை. தோடு போட்டு முடித்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. படம் எடுப்பவர் என்னைச் சிரிக்கச் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன், அப்படியே எடுத்துக்கொண்டார்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. மதி புதுத் தோட்டைக் குமரேசனிடம் காட்டப் போனாள். நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கத் தெம்பில்லை. அக்கா ஒரு இலையில் கல்லுப்போடு வந்தாள். எதிரே குத்தவைத்து உட்கார்ந்து என் கால்சட்டையை மேலே சுருட்டினாள். கணுக்காலில் ஒரு அட்டை, ரத்தம் குடித்துக் கொழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. மலையில் எங்கேயோ ஏறியது. எனக்குத் தெரியவே இல்லை. உப்பை வைத்துத் தேய்த்தாள். அது சுருண்டு விழுந்தது. காயத்தில் இன்னும் கொஞ்சம் உப்பை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எரிந்தது.

“பதினாறு மணி நேரம்னு சொன்ன.”

“தப்பாச் சொல்லிட்டேன்க்கா.”

“நாலு வருசம்னு சொல்லியிருக்கணும்.”

மச்சான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் அதை எனக்குத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, வாயை மூடிக்கொண்டார்.